விடை தெரிந்த பிறகு பெட்டியில் என்ன இருக்கிறது?

"எட்டாத ராணி இரவில் வருவாள், பகலில் மறைவாள். அவள் யார்?" விடை நிலா. இந்த விடுகதையைச் சின்ன வயதில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். முதல் தடவை கேட்டபோது முழித்திருப்பீர்கள். இரண்டாம் தடவை கேட்டபோது யோசிக்க ஒன்றும் இருந்திருக்காது, விடை நாக்கு நுனியில் நின்றிருக்கும். ஆனால் அதோடு அந்த விடுகதை தீர்ந்துபோய்விட்டதா? அடுத்த நாளே விடை தெரியாத ஒருவரைத் தேடிப்பிடித்து, அவரிடம் நீங்கள் அதைக் கேட்டிருப்பீர்கள். அவர் முழிப்பதைப் பார்க்கும் சுகத்துக்காகவே கேட்டிருப்பீர்கள்.

கதையோடு கூடிய கூட்டுப் புதிர் விளையாட்டுகளுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "ஒரு தடவை ஆடி முடித்துவிட்டால், அப்புறம் அந்தப் பெட்டியை என்ன செய்வது?" நியாயமான கேள்வி. கேரம் பலகையையும் சதுரங்கப் பலகையையும் வாங்கினால் ஆயுசுக்கும் ஆடலாம். புதிர்ப் பெட்டியோ ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடலாம். ஒரு விளையாட்டை மறுபடி மறுபடி எடுத்து ஆடத் தோன்றுகிறதா, ஆடினால் சுவை குறையாமல் இருக்கிறதா என்பதைத்தான் மறுவிளையாட்டு மதிப்பு என்கிறோம். இந்த வகை விளையாட்டுகளை அதை வைத்து மட்டும் எடைபோட்டால் கணக்கு தப்பிவிடும் என்று நான் நினைக்கிறேன். "எத்தனை தடவை ஆடலாம்?" என்று கேட்பதைவிட "இந்தப் பெட்டியில் எது தீர்ந்துபோகும், எது தீராது?" என்று கேட்டால் நிறைய விஷயங்கள் தெளிவாகும்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். கூட்டு விளையாட்டு என்றால் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் ஒரே அணி. எதிராளி அந்த விளையாட்டுதான். ஜெயித்தால் எல்லாரும் ஜெயிப்பார்கள், தோற்றால் எல்லாரும் தோற்பார்கள். இதில் கதை சேரும்போது நீங்கள் துப்பறிவாளராகவோ, பூட்டிய அறையில் மாட்டிக்கொண்டவராகவோ, தீவில் ஒதுங்கிய பயணியாகவோ ஆகிவிடுவீர்கள். கதை தானாக நகராது. ஒரு புதிரை அவிழ்த்தால்தான் அடுத்த அறை திறக்கும், அடுத்த பத்தியைப் படிக்க முடியும், அடுத்த சீட்டை எடுக்க முடியும். சில விளையாட்டுகளில் இந்த வேலையைச் சீட்டுக்கட்டு செய்யும், சிலவற்றில் எண்ணிட்ட பத்திகள் கொண்ட புத்தகம் செய்யும், சிலவற்றில் போனில் இருக்கும் ஆப் செய்யும்.

பேச்சாகச் சொன்னால் புரியாது, ஒரு புதிரையே காட்டுகிறேன். கடையில் விற்கும் விளையாட்டிலிருந்து எடுத்துக் காட்டினால் உங்கள் முதல் தடவையைக் கெடுத்த பாவம் என்னைச் சேரும். அதனால் நண்பர்களுக்காக நானே காகிதத்தில் வரைந்து செய்த ஒன்றைச் சொல்கிறேன்.

கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர் காணாமல் போய்விட்டார். அவர் அறையில் நான்கு இலக்கப் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி இருக்கிறது. ஆடுகிறவர்கள் மூன்று பேர், ஆளுக்கு ஒரு சீட்டு. முதல் சீட்டில் அவர் மகளுக்கு எழுதிய கடிதம்: "நான் உன்னோடு இருந்த நேரங்களை மட்டும் நம்பு." இரண்டாம் சீட்டில் சுவரில் மாட்டிய ஐந்து புகைப்படங்கள். மூன்றாம் சீட்டில் படத்துக்கு ஒன்றாக ஐந்து கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணியைக் காட்டும். ஒருவர் சீட்டை மற்றவருக்குக் காட்டக் கூடாது, வாயால் சொல்லலாம்.

ஐந்து படங்களிலும் பெரியவர் இருக்கிறார். நான்கில் மகளும் இருக்கிறாள், ஒன்றில் இல்லை. அந்த ஒன்றைத் தள்ளிவிட வேண்டும். மிச்சம் நான்கையும் மகளின் உயரப்படி, சிறுமியிலிருந்து பெரியவள்வரை வரிசைப்படுத்தினால் கடிகாரங்கள் ஏழு, மூன்று, ஒன்பது, நான்கு என்று சொல்லும். பூட்டின் எண் 7394. அவ்வளவுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 7394 என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இனி அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆக, விடை தீர்ந்தது. ஆனால் "நான் உன்னோடு இருந்த நேரங்களை மட்டும் நம்பு" என்ற வரியை இப்போது மறுபடி படித்தால், முதலில் துப்பாகத் தெரிந்தது ஒரு அப்பாவின் வார்த்தையாகத் தெரியும். கதை தீரவில்லை. மூன்று பேர் ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டு பேசிப்பேசி ஒட்டவைக்கும் அந்தப் பத்து நிமிடப் பேச்சும் தீரவில்லை, ஏனென்றால் ஆள் மாறினால் பேச்சு மாறும். தீருவது, தீராதது என்று நான் பிரிப்பது இதைத்தான்.

இந்தக் கண்ணோடு கடையில் இருக்கும் பெட்டிகளைப் பார்க்கலாம்.

முழுக்கத் தீர்ந்துபோவதில் முதலிடம் 'எக்ஸிட்' வரிசைக்கு. இன்கா பிராண்ட், மார்கஸ் பிராண்ட் தம்பதி வடிவமைத்து, ஜெர்மனியின் காஸ்மாஸ் நிறுவனம் வெளியிட்டது. 2017-ல் ஜெர்மனியின் 'கென்னர்ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருது பெற்றது, அனுபவமுள்ளவர்கள் ஆடும் விளையாட்டுகளில் அந்த ஆண்டின் சிறந்ததற்குத் தரும் விருது. பூட்டிய அறையிலிருந்து தப்பிக்கும் எஸ்கேப் ரூம் விளையாட்டை மேசைக்குக் கொண்டுவந்த விளையாட்டு இது. இதில் சீட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுவீர்கள், புத்தகத்தை மடிப்பீர்கள், கிழிப்பீர்கள், மேலே எழுதுவீர்கள். முடிந்ததும் மேசையில் காகிதக் குப்பைதான் கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் முதல் வெட்டுக்குத் தயங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கியதை வெட்டுவதா என்று கை கூசும். ஆனால் அந்த அனுமதிதான் வடிவமைப்பாளருக்குக் கிடைத்த பெரிய வரம். பொருளைக் கெடுக்கலாம் என்றால் பொருளையே புதிராக்கலாம். வெறும் தாளாகத் தெரிந்தது மடித்தவுடன் வேறொன்றாக மாறும் அந்த ஒரு நொடியை, கெடாமல் திருப்பி வைக்க வேண்டிய விளையாட்டால் அவ்வளவு எளிதாகத் தர முடியாது.

அதே காலத்தில், 2017-ல் வந்த 'அன்லாக்!' வேறு வழியில் போனது. இதில் எதையும் கிழிக்க வேண்டாம். சிவப்பு எண் உள்ள பொருளையும் நீல எண் உள்ள பொருளையும் கூட்டினால் வரும் எண்ணுள்ள சீட்டை எடுக்கலாம். சாவியையும் பூட்டையும் கூட்டுவது மாதிரி. தப்பாகக் கூட்டினால் நேரம் போகும், டைமர் ஆப்பில் ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததும் சீட்டுகளை எண் வரிசையில் அடுக்கி வைத்தால் அடுத்த கூட்டத்துக்குப் பெட்டி தயார். உங்களுக்கு விடை தீர்ந்துவிட்டது, பெட்டிக்குத் தீரவில்லை. கைமாற்றிக் கொடுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இது.

இவை இரண்டுக்கும் முன்பே, 1980-களின் தொடக்கத்தில் வந்த ஒரு துப்பறியும் விளையாட்டு இன்னும் அச்சில் இருக்கிறது. 'ஷெர்லாக் ஹோம்ஸ் கன்சல்டிங் டிடெக்டிவ்' என்று பெயர், 1985-ல் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்', அதாவது ஜெர்மனியின் 'ஆண்டின் விளையாட்டு' விருது வாங்கியது. பகடை கிடையாது, காய் நகர்த்துவது கிடையாது. லண்டன் வரைபடம், முகவரிப் புத்தகம், அன்றைய செய்தித்தாள், அப்புறம் வழக்குப் புத்தகம். யாரைப் போய்ப் பார்ப்பது என்று நீங்களே முடிவு செய்து, அந்த முகவரிக்கான பத்தியைப் படிக்க வேண்டும். இதில் பத்து வழக்குகள். ஒவ்வொரு வழக்கையும் ஒரு தடவைதான் ஆட முடியும். ஆனால் செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்த சின்ன விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் அரை மணி நேரம் வாதாடுவதும், கடைசியில் அதற்கும் வழக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிவதும் இருக்கிறதே, அதை நான் பல வருடம் கழித்தும் நினைத்துச் சிரிக்கிறேன். வழக்கில் யார் குற்றவாளி என்பது மறந்தே போய்விட்டது.

மறந்துபோவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடைதான் தீர்ந்துபோகும் சரக்கு என்றால், மறதிதான் அதைத் திருப்பி நிரப்பும் சரக்கு. சில வருடம் கழித்து எடுத்தால் கதையின் எலும்புக்கூடு நினைவிருக்கும், புதிர்களின் விவரம் போயிருக்கும். நல்ல கதையுள்ள பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் மேல் தட்டில் வைத்துவிடுவது என் பழக்கம்.

திரும்ப ஆடுவதையே கதையாக்கிய விளையாட்டும் உண்டு. 2015-ல் மானுவேல் ரோஸ்வா வடிவமைத்து வந்த 'டைம் ஸ்டோரீஸ்'. நீங்கள் காலப்பயண முகவர்கள். பழைய காலத்தில் வாழும் ஒருவரின் உடலில் புகுந்து ஒரு பணியை முடிக்க வேண்டும். கையில் இருக்கும் காலம் அளவானது. அது தீர்ந்தால் திருப்பி இழுக்கப்பட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் தெரிந்துகொண்டது தலையில் இருக்கும். எந்த அறையில் ஒன்றுமில்லை, யாரிடம் பேசினால் நேரம் வீணாகும் என்பதெல்லாம் இரண்டாம் ஓட்டத்தில் உங்கள் சொத்து. ஒரே மாலையில் ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று தடவை போவீர்கள், ஒவ்வொரு தடவையும் வேறு ஆளாகப் போவீர்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. ஓர் இடத்துக்குப் போனவர் மட்டுமே அந்தச் சீட்டின் பின்பக்கத்தைப் படிக்கலாம், மற்றவர்களுக்குக் காட்டக் கூடாது, தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். பார்த்ததைச் சொல்வதில் ஒருவருக்கொருவர் எவ்வளவு வித்தியாசம் என்பது அப்போதுதான் தெரியும். ஒருவர் மேசை மேல் இருந்த கண்ணாடிக் குப்பியைச் சொல்வார். இன்னொருவர் நின்றிருந்த ஆளின் முகம் எப்படி இருந்தது என்று சொல்வார், குப்பியை விட்டுவிடுவார். ஆனால் பணி முடிந்துவிட்டால் இந்தப் பெட்டியும் மற்றவை மாதிரிதான், அந்தக் கதையை உங்களால் மறுபடி ஆட முடியாது.

நீளமாக ஆட நினைப்பவர்களுக்கு, ஓர் ஆட்டத்தில் நடந்தது அடுத்த ஆட்டத்துக்கும் தொடரும் லெகசி வகை இருக்கிறது. 'பாண்டமிக் லெகசி' முதல் பருவம் 2015-ல் வந்தது, ராப் டேவியோவும் மேட் லீக்காக்கும் செய்தது. உலகமெங்கும் பரவும் நோய்களை ஒரு வருடம் எதிர்கொள்ளும் கதை. மாதம் ஒன்றுக்கு ஒரு ஆட்டம், தோற்றால் அதே மாதத்தில் இன்னொரு வாய்ப்பு. ஆக 12-லிருந்து 24 ஆட்டங்கள்வரை போகும். பலகையில் ஸ்டிக்கர் ஒட்டுவீர்கள், சீட்டைக் கிழிப்பீர்கள், நடந்ததைத் திருப்ப முடியாது. இது அறைப் புதிர் வகையைச் சேர்ந்ததல்ல, திட்டமிடும் விளையாட்டு. ஆனால் 'தீர்ந்துபோகும் பெட்டி' என்ற பயத்துக்கு நல்ல மருந்து. கடைசி மாதம் முடியும்போது நீங்கள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை, அலமாரியில் தூசி படியும் பல 'எத்தனை முறையும் ஆடலாம்' பெட்டிகளைவிட அதிகமாகவே இருக்கும்.

தீராத வகைகளும் உண்டு. 'மிஸ்டீரியம்' விளையாட்டில் ஒருவர் ஆவி. அவர் பேசக் கூடாது, கனவுப் படங்களைக் கொடுத்து மற்றவர்களுக்குக் கொலையாளியை உணர்த்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆளும் இடமும் ஆயுதமும் மாறும். 2016-ல் வந்த 'மேன்ஷன்ஸ் ஆஃப் மேட்னஸ்' இரண்டாம் பதிப்பில் ஆப் மாளிகையின் அறைகளை மாற்றி அடுக்கும். இவற்றில் கலைத்துப் போடும் சீட்டோ ஆப்போதான் புதுமையைத் தருகிறது. அதனால் இவற்றின் புதிர்கள் அறைப் புதிர் அளவுக்குக் கூர்மையாக இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். நூறு விதமாகக் கலைந்தாலும் வேலை செய்ய வேண்டிய புதிருக்கு, ஒரே ஒரு தடவை சுடுவதற்காகச் செய்த வாணத்தின் வெளிச்சம் வராது.

சரி, ஒரே தடவைதான் என்றால் அந்த ஒரு தடவையை நன்றாக அமைத்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது. இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். பெட்டியின் மேல் ஆறு பேர்வரை ஆடலாம் என்று போட்டிருக்கும், ஆறு பேரைக் கூட்டிவிடுவார்கள். ஒரு சிறு சீட்டை ஆறு பேர் பார்க்க முடியாது. நான்கு பேர் பார்ப்பார்கள், இரண்டு பேர் போனை எடுத்துவிடுவார்கள். புதிர்ப் பெட்டிக்கு இரண்டு முதல் நான்கு பேர்தான் அழகு என்பேன். முதல் பெட்டியாகக் கடினமானதை எடுக்காதீர்கள். பல வரிசைகளில் கடினத்தின் அளவைப் பெட்டியிலேயே குறித்திருப்பார்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் தானே செய்யும் ஆள். நல்லவர்தான், ஆர்வத்தில் செய்கிறார். எல்லாச் சீட்டையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவார். அப்படி ஒரு மாலை எனக்கு நடந்தது. அந்த ஆள் நான்தான். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டோம், நல்ல மதிப்பெண். கிளம்பும்போது ஒரு தோழி, "நல்லா இருந்துச்சு, நீ விளையாடினதைப் பார்த்தேன்" என்றார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை, அதனாலேயே அதிகம் உறுத்தியது. அவருக்கு அந்தப் பெட்டியின் முதல் தடவை போய்விட்டது, அதை என்னால் திருப்பித் தர முடியாது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சீட்டை எடுத்தவரே உரக்கப் படிக்க வேண்டும். எனக்கு விடை தோன்றினால் கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு நூறு எண்ணுவேன். பாதி நேரம் எழுபதை எட்டும் முன்பே வேறொருவர் கண்டுபிடித்துவிடுவார்.

விளையாட்டு தரும் உதவிக் குறிப்பை எடுப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். 'எக்ஸிட்' விளையாட்டில் ஒவ்வொரு புதிருக்கும் மூன்று உதவிச் சீட்டுகள், மூன்றாவதில் விடையே இருக்கும். தேவைப்படும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். என் அளவுகோல் எளிது. பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் குறிப்பு வேண்டாம். எல்லாரும் மௌனமாகி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் எடுத்துவிடுங்கள். டைமர் மனதை அழுத்தினால் அதையும் தளர்த்திக்கொள்ளலாம், யாரும் வந்து பிடிக்கப் போவதில்லை. கதையை உரக்கப் படிப்பதற்கு மட்டும் எப்போதும் நேரம் கொடுங்கள். மதிப்பெண்ணுக்காகக் கதைப் பத்தியைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் கடைசியில் "வெறும் கணக்குப் புதிர்" என்று சலித்துக்கொள்கிறார்கள்.

ஆடி முடித்த பெட்டியை வைத்து மறுபடி ஆட எனக்குத் தெரிந்த சிறந்த வழி, விடுகதை வழிதான். விடை தெரியாதவர்களை உட்காரவைத்து நீங்கள் நடத்துங்கள். சீட்டை எடுத்துக் கொடுங்கள், கதையைப் படியுங்கள், விடையை மட்டும் வாயில் பூட்டி வையுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். ஒருவர் சரியான சீட்டைக் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்து, கீழே வைத்துவிடுவார். உங்கள் உடம்பே துடிக்கும். ஆனால் நீங்கள் போன பாதையை விட்டு வேறொரு பாதையில் அவர்கள் அதே கதவுக்கு வந்து சேர்வதைப் பார்ப்பது தனி ஆட்டம்.

என் கடிகாரப் புதிரை இப்படி மூன்று கூட்டங்களுக்கு நடத்தினேன். முதல் கூட்டம் கடிகாரங்களிலிருந்து தொடங்கியது, மணிகளைக் கூட்டிப் பார்த்தது, பெருக்கிப் பார்த்தது, கடைசியில்தான் கடிதத்துக்கு வந்தது. இரண்டாவது கூட்டம் ஏழு நிமிடத்தில் முடித்தது. மூன்றாவது கூட்டத்தில் ஒரு நண்பரின் பத்து வயது மகள் இருந்தாள், புகைப்படச் சீட்டு அவளிடம். மற்ற இருவரும் "மகள் இல்லாத படத்தைத் தள்ளிவிடு" என்றார்கள். அவள் தள்ளவில்லை.

"அதிலும் அவ இருக்கா" என்றாள்.

"எங்கே?"

"படத்தை எடுத்தது அவதான். அதனாலதான் தெரியல."

நான் வரைந்த படம். அதில் பெரியவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை. "நான் உன்னோடு இருந்த நேரங்கள்" என்று அவர் எழுதியிருந்தால், அந்த நேரமும் அதில் சேரத்தான் வேண்டும். நான்கு இலக்கப் பூட்டு என்று விதியில் இருந்ததால் அவள் மனமில்லாமல் ஒத்துக்கொண்டாள், பெட்டி திறந்தது. அன்றிரவு உட்கார்ந்து புகைப்படச் சீட்டைத் திரும்ப வரைந்தேன். மகளின் உயரத்துக்குப் பதிலாக, அப்பாவின் தலைமுடி படத்துக்குப் படம் நரைத்துக்கொண்டே போகிறது. இப்போது பூட்டுக்கு ஐந்து இலக்கம்.